திரைச்சீலைக்குக் கனம்

வெயில் காலத்தில் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் மண் வந்துவிடும், ஸ்கிரீன் அக்கா வீட்டைத் தவிர. தெருக்கோடியில் லாரிகள் திரும்புகிற ஒரு பொட்டல். அங்கிருந்து கிளம்பும் காற்று வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். அவள் வாசலிலும் போடும். ஆனால் அது அங்கே தங்கி யாரும் பார்த்ததில்லை. எழுந்ததும் பெருக்குவாள். சாப்பிட்டதும் பெருக்குவாள். தைத்து முடித்ததும் வெட்டுத்துணிகளோடு சேர்த்துப் பெருக்குவாள். புருஷன் வேலை விட்டு வந்து நடந்த இடத்தைத் தனியாக ஒரு முறை பெருக்குவாள். அவளுடைய நாத்தனார் ஒரு தடவை, "இப்படியே தேச்சா கீழ் வீட்டுக்காரன் தலை தெரியப் போகுது" என்றாள். கீழே வீடே கிடையாது. அது தரைத்தள வீடு.

அவள் திரைச்சீலை தைப்பவள், ஸ்கிரீன் அக்கா என்ற பேரும் அதனால் வந்ததுதான். முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின். துணிக்கடைகளிலிருந்து சுருள் சுருளாகத் துணி வரும், அளவு எழுதிய சீட்டு ஊசியில் குத்தியிருக்கும். வீட்டு ஜன்னலுக்கு, விடுதி அறைக்கு, கண் டாக்டர் வீட்டு வரவேற்பறைக்கு என்று விதவிதமாகத் தைத்துக் கொடுப்பாள். மேல் மடிப்பில் வளையம், அடி மடிப்பில் கனம். அடியில் கனம் இல்லாத திரை காற்றுக்குப் பறக்கும், ஓரம் சுருண்டுகொள்ளும். மற்ற தையல்காரர்கள் மூலைக்கு ஒன்று போட்டு விட்டுவிடுவார்கள். அவள் மடிப்பு முழுக்கக் கோப்பாள். அவள் தைத்த திரையை இழுத்து விட்டால் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நேராக நின்றுவிடும் என்று கடைக்காரர்கள் வருகிறவர்களிடம் இழுத்துக் காட்டுவார்கள்.

கனத்துக்கான மணிகளைச் செய்து தருபவன் அவள் புருஷன். அவன் பழைய பேட்டரி உடைக்கும் யார்டில் உலைக்காரன். வண்டிகளில் செத்துப்போன பேட்டரிகள் அங்கே வந்து குவியும். ஒருவன் கோடரியால் மேல்மூடியைப் பெயர்ப்பான், ஒருவன் ஆசிட்டைக் கவிழ்ப்பான், உள்ளே இருக்கும் தட்டுகள் உலைக்குப் போகும். உலைக்காரன் நீளக் கரண்டியால் மேலே மிதக்கும் கசடை வழித்து ஒதுக்குவான். அடியில் ஈயம் கண்ணாடி மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் அதில் முகம் பார்க்கலாம் என்பான். பார்த்தால் புருவம் போய்விடும் என்றும் சொல்வான்.

கல்யாணமான புதிதில், கடையில் வாங்கிய கனம் ஒன்றுபோல் இல்லை என்று அவள் அலுத்துக்கொண்டாள். அவன் கேட்டுக்கொண்டான். சில நாள் கழித்து ஒரு பொட்டலத்தை மெஷின் மேல் வைத்தான். பட்டாணி அளவில் மணிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பிளவு. நூலைப் பிளவுக்குள் வைத்து நெருக்கினால் பிடித்துக்கொள்ளும். கட்டையில் அச்சுக் குடைந்து, யார்டு உலையிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, அவனே வார்த்தது. அவன் அவளுக்குக் கொண்டுவந்த முதல் பொருள் அதுதான். ஊரில் புருஷன்மார் கழுத்துக்கு மணி வாங்கித் தருவார்கள், தனக்கு வாய்த்தவன் ஜன்னலுக்குச் செய்து தருகிறான் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னது அது.

அன்றிலிருந்து டப்பா காலியாகும்போதெல்லாம் அவன் நிரப்பினான். ஈயம் மெத்தென்றது, குறடு எடுத்து நெருக்குவதைவிடப் பல் வேகமாகச் செய்யும். நூலும் மணியும் முன்பல்லுக்கிடையில் போகும், ஒரு கடி, அடுத்தது. அவள் மகள், நாலு வயது, மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். ஆள் சின்னது என்பதால் அவளைச் சுண்டு என்று கூப்பிட்டார்கள். அம்மா மாதிரியே ஒன்றைத் தன் பால்பல்லில் வைத்து நெருக்கிப் பார்ப்பாள். பல் போதாது. அப்படியே கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்துக் கொடுப்பாள். "முழுங்கிடாத" என்பாள் அம்மா. குழந்தை வாயைத் திறந்து, இன்னும் இருக்கிறது என்று காட்டும்.

மணிகள் எல்லோர் கண்ணெதிரிலும்தான் இருந்தன.

சுண்டுவுக்கு முதலில் வயிற்றுவலி வந்தது. சுருண்டு படுத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் எழுந்து விளையாடும். பூச்சி என்று மருந்துக்கடைக்காரர் மருந்து கொடுத்தார். பிறகு சாப்பாடு குறைந்தது. ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. முகம் வெளுத்தது. அதன் பிறகுதான் வேறொன்றைக் கவனித்தார்கள். முதலில் கவனித்தது நாத்தனார். அவள் தம்பி வீட்டிலேயே இருப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். தினமும் சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குக் கடைக்கு வந்த சட்டைகளைப் பற்றிக் கதை சொல்வாள். குழந்தை நடுவில் நடுவில் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகள் நின்றுபோயிருந்தன.

"நேத்து வரைக்கும் 'பொத்தான்'னு சொன்ன புள்ள, இன்னிக்குக் கையக் கையக் காட்டுது" என்றாள் நாத்தனார். "வார்த்த வரல அதுக்கு."

ஸ்கிரீன் அக்கா மெஷினை நிறுத்தாமல், தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றாள். ஆனால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டர் வயதில் சின்னவர், முகத்தை நிமிர்த்தாமல் பேசுகிறவர். குழந்தையின் ஈறைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். பேட்டரி யார்டு என்றதும் நிமிர்ந்தார். ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு. ஈயம் குழந்தையின் மூளையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். உள்ளே வருவதை நிறுத்தினால் மெல்ல இறங்கும். நிறுத்தாவிட்டால், போன வார்த்தைகள் திரும்ப வராமலே போகலாம். அப்பாவுடைய உடம்பிலும் உடுப்பிலும் அது தூசாக வீட்டுக்கு வருகிறது என்றார். வீட்டைப் பார்த்து வழி சொல்ல ஒரு நர்சம்மாவை அனுப்புவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஸ்கிரீன் அக்கா இதைப் புருஷனிடம் சொன்னபோது அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். குழந்தை வழக்கம்போல் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. அவன் கேட்டு முடித்தான். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் பேண்ட்டிலிருந்து பிரித்து எடுத்தான். அதற்குள் எத்தனை முறை தொட்டிருப்பாள் என்று யோசித்தானோ என்னவோ, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது எப்போதும்போல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

நர்சம்மா வரும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதுதான் பிசகிப்போனது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் ஸ்கிரீன் அக்காவால் சும்மா இருக்க முடியாது. தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மெஷினுக்கு உறை போட்டாள். நூல்கண்டு, சாக்கட்டி, மணி டப்பா எல்லாவற்றையும் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். தரையைப் பெருக்கித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் யாரும் நடக்கக் கூடாது என்று நாத்தனாரைக் கட்டில் மேல் ஏற்றி உட்கார வைத்தாள்.

நர்சம்மா பருமனான பெண், படி ஏறியே பழகி மூச்சு வாங்குகிறவள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தான் போகிற வீடுகளில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் யார்டிலேயே குளிக்கட்டும், உடுப்பையும் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். அவர் துணியைக் குழந்தை துணியோடு சேர்த்து நனைக்காதே. துடைப்பத்தைத் தொடாதே, தூசு எழும்பிக் குழந்தை மூக்குக்குத்தான் போகும், ஈரத்துணியால் துடை. ஒவ்வொரு வாய்க்கு முன்னும் கை கழுவு. வெறும் வயிற்றில் ஈயம் சீக்கிரம் ஒட்டும், அதனால் பாலும் முட்டையும் கீரையும் விடாமல் கொடு.

கடைசியில், யார்டிலிருந்து எந்தப் பொருளாவது வீட்டுக்கு வருகிறதா என்று கேட்டாள். சில வீடுகளில் பேட்டரிப் பெட்டியில் தண்ணீர் பிடித்து வைப்பார்களாம், செடி வைப்பார்களாம்.

"சேச்சே" என்றாள் ஸ்கிரீன் அக்கா. "அந்த இடத்துல இருந்து ஒரு ஆணிகூட இந்த வாசப்படி தாண்டாது, சிஸ்டர்."

அவன் பின்பக்கம் குழாயடியில் நின்றிருந்தான். அவனும் இல்லை என்றான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் சட்டம் வந்தது. ஸ்கிரீன் அக்கா சொன்னதைச் செய்கிறவள் மட்டுமல்ல, சொன்னதற்கு மேல் செய்கிறவள். யார்டில் குளித்துவிட்டு வந்தவனைப் பின்வாசல் வழியாக வரவைத்து இன்னொரு முறை குளிக்க வைத்தாள். அவனுக்குத் தனித்தட்டு, தனித்தம்ளர், தனிப்பாய். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஈரத்துணி விழும். துடைப்பத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. பெருக்காமல் துடைத்தால் அது எப்படிச் சுத்தம் என்று முதலில் பெருக்கிவிட்டுத்தான் துடைத்தாள். நாத்தனார், "அந்தம்மா என்ன சொல்லிச்சு, நீ என்ன பண்ற" என்றதும் துடைப்பம் தெருவுக்குப் போனது.

குழந்தைக்குத்தான் எதுவும் புரியவில்லை. அப்பா வந்த சத்தம் கேட்டு ஓடும். அம்மா கையை நீட்டித் தடுப்பாள். முதலில் அழுதது. பிறகு அழாமல் பாதித் தூரத்தில் நின்றுகொள்ளப் பழகியது. அவனும் அந்தப் பாதித் தூரத்தைத் தாண்டாமல் இருக்கப் பழகினான். நாக்கை மடித்துக் காட்டுவான், காதை ஆட்டுவான், தொடமாட்டான்.

அடுத்த முறை எடுத்த ரத்தத்தில் ஈயத்தின் அளவு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டர் இந்த முறை நிமிர்ந்தே பேசினார். இப்படியே ஏறினால் படுக்கையில் சேர்த்து மருந்து ஏற்ற வேண்டிவரும், அந்த மருந்தும் சின்ன உடம்புக்கு லேசானதில்லை, அதுவும் வருவது நிற்காமல் ஏற்றிப் பயனில்லை என்றார். நன்றாகக் குளிக்கிறாரா என்று மறுபடி கேட்டார். ஸ்கிரீன் அக்கா ஆமாம் என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குளியலில் போகாத ஏதோ ஒன்று அவன் தோலில், நகத்தில், மூச்சில் இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவனிடம் அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருந்துக்கோங்க. வாட்ச்மேன் ரூம்ல இடம் இருக்குன்னீங்களே."

"இருக்கு."

"புள்ளைக்கு இறங்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி" என்றான்.

நாத்தனார் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். "என்னடா சரி? நீ என்ன வாடகைக்கு வந்தவனா? வேற வேலை பாருடா. லாரி கழுவு. மூட்ட தூக்கு."

லாரி கழுவக் கேட்டுப் பார்த்தாயிற்று, ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று அவன் நிதானமாகச் சொன்னான். கேட்டது அன்றைக்குத்தான் மற்ற இருவருக்கும் தெரிந்தது. பாயைச் சுருட்டினான். தட்டையும் தம்ளரையும் அவள் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். குழந்தை பாதித் தூரத்தில் நின்று பார்த்தது.

அவன் போன பிறகு அந்த வீடு இன்னும் சுத்தமானது. அவன் சாய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். தலையணையைப் பிரித்துப் பஞ்சைத் தூரப் போட்டாள். நாத்தனார் சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறந்தாள். திறந்தால், "என் தம்பி உலையில ஈயத்தத்தான் உருக்குனான், நீ அவனையே உருக்கிட்ட" என்கிற மாதிரி ஒன்று வரும். ஸ்கிரீன் அக்கா துடைத்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு ஒரே கணக்குத்தான்: குழந்தையின் ரத்தத்தில் அந்த எண் இறங்க வேண்டும்.

விடுமுறை நாளில் அவன் வருவான். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வாசலில் நிற்பான். ஸ்கிரீன் அக்கா ஜன்னல் வழியாகக் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். சைக்கிள் கடைக்காரர் முதல் நாள் ஸ்டூல் எடுத்துப் போட்டார், இரண்டாவது முறை பேச்சுக் கொடுத்தார், மூன்றாவது முறை, "உள்ளாற போறதுக்கு டிக்கெட் வாங்கணுமா தலைவரே?" என்றார். அவன் சிரித்துவிட்டு, ஹவுஸ்ஃபுல் என்றான். அங்கே உட்கார்ந்தபடியே நெடுநேரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளும் பார்க்காத மாதிரி தைத்துக்கொண்டிருப்பாள்.

அதற்கடுத்த ரத்தத்திலும் அளவு இறங்கவில்லை.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய விடுதிக்கு எல்லா அறைகளுக்கும் திரை தைக்கும் வேலை வந்திருந்தது. தரை தொடும் நீளம், இரட்டைத் துணி. முன்னறை முழுக்கத் துணி மலையாகக் கிடந்தது. ஜன்னலைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் சாரல். அவள் பாதி திறந்து வைத்து மெஷினில் குனிந்திருந்தாள். டப்பாவில் மணி நிறைய இருந்தது. அவன் யார்டுக்குக் குடிபோவதற்கு முந்தின வாரம் நிரப்பிவிட்டுப் போனது.

நர்சம்மா அன்று சொல்லாமல் வந்தாள். வேறு தெருவில் ஒரு பிரசவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் மழை வலுத்ததால் ஒதுங்கியவள், ஒதுங்கியதுதான் ஒதுங்கினோம் என்று கதவைத் தட்டினாள். கதவு திறந்துதான் இருந்தது. ஸ்கிரீன் அக்கா தைத்துக்கொண்டிருந்தவள், வீடு கிடக்கும் கோலத்தைப் பார்த்து வெட்கப்பட்டு எழுந்து துணிகளை ஒதுக்கினாள். நர்சம்மா, இருக்கட்டும் இருக்கட்டும் என்று சேலை நுனியைப் பிழிந்தாள். எல்லாம் சரியாகத்தானே செய்கிறோம், ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று ஸ்கிரீன் அக்கா கேட்டாள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கோத்தாள். கை சும்மா இருந்து பழக்கமில்லை.

நூல், மணி, ஒரு கடி.

மெஷினுக்கு அடியிலிருந்து சின்னக் கை அடுத்ததை நீட்டியது.

நர்சம்மா சேலையைப் பிழிவதை நிறுத்தினாள். "அது என்னம்மா?"

"எது? மணி, சிஸ்டர். ஸ்கிரீனுக்குக் கனம்."

"குடு பாப்போம்."

அவள் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். நகத்தால் கீறினாள். நகம் பட்ட இடம் பளபளத்தது. குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்து, கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து கன்னத்துக்குள் இருந்ததைக் காட்டியது.

"இது எங்க வாங்கினது?"

"வாங்கல."

"பின்ன?"

"அவரு செஞ்சு குடுப்பாரு."

"எதுல செஞ்சது?"

ஸ்கிரீன் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்குப் பதில் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். யாராவது இரவில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"யார்டுல இருந்து எதுவும் வராதுன்னு சொன்னீங்களே" என்றாள் நர்சம்மா. குரலில் கோபம் இல்லை.

"இது யார்டு இல்ல, சிஸ்டர்" என்றாள் அவள். "இது அவரு எனக்குச் செஞ்சு குடுத்தது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மழைச் சத்தம் இருந்தது. நர்சம்மா குழந்தையை வெளியே இழுத்து, விரலை விட்டு மணியை எடுத்தாள். குழாயடிக்குத் தூக்கிப்போய் வாயைக் கழுவினாள், கையைக் கழுவினாள், நகக்கண் ஒவ்வொன்றையும் கழுவினாள். திரும்பி வந்தபோது ஸ்கிரீன் அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நூல் பல்லுக்கிடையில் அப்படியே இருந்தது.

நாத்தனார் கடையிலிருந்து வந்ததும் அவளே சொன்னாள். எதையும் குறைக்காமல், தானும் கடித்ததையும் குழந்தை வாயில் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். நாத்தனார் ஈரக் குடையை மூலையில் சாத்தினாள்.

"அவன வெளிய அனுப்பிட்ட. டப்பாவ உள்ள வச்சுக்கிட்ட" என்றாள்.

"ஆமா அண்ணி."

அவள் அப்படி ஒத்துக்கொண்டது நாத்தனாருக்குப் பழக்கமில்லாதது. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். மெஷின் மேசை, அதன் இழுப்பறை, மிதிகட்டை, தரைக்கல் இடுக்குகள், ஜன்னல் விளிம்பு என்று இரண்டு பெண்களும் எதிரெதிரே மண்டியிட்டுச் சோப்புத்தண்ணீரில் துடைத்தார்கள். இடுக்கிலிருந்து ஊசியால் நெம்பியபோது எப்போதோ உருண்டுபோன மணிகள் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் நாத்தனார், "இந்தா இன்னொண்ணு" என்றாள். டப்பாவை நர்சம்மா கட்டி எடுத்துப்போயிருந்தாள்.

விடுதித் திரைகளின் அடி மடிப்பை எல்லாம் பிரித்து, இரும்புச் சாமான் கடையில் வாஷர் வாங்கிக் கோத்தாள். துருப்பிடிக்காத ரகம். நெருக்கத் தேவையில்லை, கட்ட வேண்டும், வேலை இரட்டிப்பு. கைக்குழந்தை உள்ள வீடுகளில் தான் முன்பு தைத்துக் கொடுத்த திரைகள் எவை என்று யோசித்து ஒவ்வொரு வீடாகப் போனாள். அடியில் தையல் விட்டிருக்கும், சரி பண்ணித் தருகிறேன் என்று வாங்கிவந்து மாற்றிக் கொடுத்தாள். ஒரு வீட்டில், தானாக வந்து சரி பண்ணித் தரும் தையல்காரியை இப்போதுதான் பார்க்கிறோம் என்று டீ கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு வந்தாள்.

புருஷனிடம் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டாள். நாத்தனார் தான் போய்ச் சொல்வதாகச் சொன்னாள். வேண்டாம் அண்ணி, அனுப்பினது நான், நான்தான் கூப்பிடணும் என்றாள் ஸ்கிரீன் அக்கா.

யார்டுக்கு அவள் அதுவரை போனதில்லை. தகரச் சுவர், உயரமான கேட், உள்ளே கறுத்த சேறு. மழை விட்டிருந்தது, ஆசிட் நாற்றம் தரையோடு தரையாக நின்றது. வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொன்னார். அவன் வந்தான். முகத்தில் கட்டிய துணியைக் கீழே இறக்கியபடி வந்தவன், கேட்டுக்கு வெகு முன்பே நின்றுவிட்டான். கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"சுண்டுவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா."

"பின்ன ஏன் வந்த?"

அவள் சொன்னாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே எங்கோ கோடரி பேட்டரி மேல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முடித்த பிறகும் இரண்டு மூன்று வெட்டு விழுந்தது.

"வாயில போட்டுச்சா?" என்றான்.

"போடும். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். முழுங்கிடுவாளோன்னுதான் பயம்."

"நான் ஊத்தினது அது."

"நான்தானே கடிச்சுக் காட்டினது."

"ஊத்தும்போது எனக்குத் தெரியாதா அது என்னன்னு? தினமும் இதுலயே நிக்கிறவன்."

"எனக்கு மட்டும் தெரியாதா?"

இதை யார் வைத்துக்கொள்வது என்று இருவரும் சண்டை போடுவதுபோல் இருந்தது. வாட்ச்மேன் திரும்பிக்கொண்டு டீத் தம்ளரைக் கழுவ ஆரம்பித்தார். அவன் ஏதோ நினைத்துக்கொண்டவன் மாதிரி ஓரடி முன்னால் வந்தான்.

"உனக்குப் பாத்தாங்களா?"

"என்ன?"

"ரத்தம்."

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"ஊசியில நூல் கோக்க உனக்கு எவ்ளோ நேரம் ஆகுது தெரியுமா?" என்றான். "எதிர்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். நக்கி நக்கிக் கோக்குற, கை நடுங்குது, மறுபடி நக்குற. மொதல்லல்லாம் பாக்காமலே கோப்ப. தலைவலி தலைவலின்னு கண்ணாடி மாத்தின. கண்ணு இல்ல அது."

அவளை யாரும் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கண்டுபிடித்த நர்சம்மாவும் அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் மறந்துவிட்டாள். அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆறு வருடமாக, நாளெல்லாம் கடித்தது அவள் பல்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள்.

அவன் குளித்துவிட்டு வர நேரமாயிற்று. அவள் கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள்.

அடுத்த முறை ரத்தம் எடுத்தபோது குழந்தையின் எண் இறங்கியிருந்தது. பாதிகூட இல்லை, இன்னும் நிறைய இறங்க வேண்டும், ஆனால் இதுதான் முதல் இறக்கம் என்று டாக்டர் சொன்னார். வார்த்தைகளைப் பற்றிக் கேட்டார்கள். சில வந்திருக்கின்றன, சில வரவில்லை; மீதிக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். நாத்தனார் கடையில் அரைநாள் கேட்டு வாங்கியிருந்தாள், பேச்சுக் கொடுப்பதற்கென்றே. இனி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், வெளியே உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்றார் டாக்டர்.

வெளியே சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், எல்லாம் ஒரே கம்பியில் பூட்டியவை. குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அவள் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அவன் அப்படித்தான் உட்கார்ந்தான், அப்படித்தான் படுத்தான். யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது. கூட்டம் சேர்ந்தது. காலில் கட்டுப்போட்ட ஒரு பெரியவர் ஊன்றுகோலோடு வந்து வரிசையைப் பார்த்தார். எல்லாம் நிறைந்திருந்தது, அவர்களுக்கு நடுவில் இருந்த ஒன்றைத் தவிர.

"இதுல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்து எழுந்திருக்கப் போனான்.

"இருக்காங்க" என்றாள் அவள். "நீங்க இங்க உக்காருங்க." தூங்கும் குழந்தையை இரு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நடு நாற்காலிக்கு நகர்ந்தாள். பெரியவர் அவள் விட்ட இடத்தில் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

இடம் குறைவாக இருந்தது. குழந்தையின் கால்கள் அவன் தொடை மேல் போய் விழுந்தன. அவன் கைகளைத் தூக்கிக்கொண்டான், எங்கே வைப்பதென்று தெரியாதவன் மாதிரி. பிறகு ஒரு பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.